லேப்டாப்பில் லூப் ஓடிக்கொண்டே இருக்கிறதா? மகலனோபிஸ் கூடத்தில் கையாலேயே தீர்த்த சிக்கல் அது

ஏம்பலம், பாகூர் பக்கம் நெல் அறுவடை நடக்கிற காலத்தில் சில வயல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அதிகாரிகள் டேப்போடு இறங்குவார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் ஒன்றை அளந்து, நாலு மூலையிலும் குச்சி நட்டு, கயிறு கட்டுவார்கள். அந்தக் கட்டத்துக்குள் இருக்கிற நெல்லை மட்டும் தனியாக அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். எந்த வயல், வயலுக்குள் எந்த இடம் என்பதை அவர்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. ரேண்டம் எண் எதைக் காட்டுகிறதோ அந்த இடம்தான். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். மகசூல் எவ்வளவு என்ற அரசுக் கணக்கும், பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் இந்தச் சின்னக் கட்டத்து எடையிலிருந்துதான் கிளம்புகின்றன.

அதே ஊரிலிருந்து பஸ் மாறி காலாப்பட்டுக்குப் போய்ப் புள்ளியியல் படிக்கிற ஒரு மாணவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட 10,000 கட்டங்களின் விவரம் அவர் லேப்டாப்பில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பயிரின் உயரம், தூர் எண்ணிக்கை, கதிர் நீளம், வைக்கோல் எடை, மணி எடை என்று மொத்தம் ஒன்பது அளவுகள். எந்தக் கட்டம் எந்தக் கட்டத்துக்கு நெருக்கம் என்று கண்டுபிடிக்க ஆர் மொழியில் புரோகிராம் எழுதுகிறார். ஒரு லூப், அதற்குள் இன்னொரு லூப். ரன் கொடுத்துவிட்டு ராத்திரி சாப்பிட்டு வந்தார், ஓடுது. காலையில் எழுந்து பார்த்தார், இன்னும் ஓடுது.

வயலில் கட்டிய கயிறு, லேப்டாப்பில் நிற்காத லூப் இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆள் இருக்கிறார். மாணவர் லூப்புக்குள் கூப்பிடுகிற ஃபங்ஷனின் பெயரே அவருடைய பெயர்தான்: மகலனோபிஸ்.

யார் இந்த மகலனோபிஸ்?

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். பிரம்ம சமாஜக் குடும்பம். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து 1912-ல் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் படிப்பதுதான் திட்டம். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் திரும்பும் ரயிலைத் தவறவிட்டார். கிங்ஸ் கல்லூரி தேவாலயம் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. அங்கேயே சேர்ந்துவிட்டார்.

ரயிலைத் தவறவிட்டதால் தமிழர்களுக்குத் தெரிந்த ஒரு கதையிலும் அவருக்கு இடம் கிடைத்தது. 1914 ஏப்ரலில் கும்பகோணத்து ராமானுஜன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். இருவரும் நண்பர்களானார்கள். குளிர்காலத்தில் ராமானுஜன் ராத்திரி நடுங்கிக்கொண்டிருந்ததும், கட்டிலில் விரித்து இறுக்கிச் செருகியிருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் மேலேயே படுத்திருந்ததும், அதை உருவிக் காட்டியவர் மகலனோபிஸ் என்பதும் பலரும் கேட்டிருக்கிற கதை. அதைவிட முக்கியமானது புதிர்க் கதை.

1914 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் இருக்கிற எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன?

மகலனோபிஸ் போட்டுப் பார்த்தே சில நிமிஷத்தில் விடையைப் பிடித்துவிட்டார். 288 வீடுகள் கொண்ட தெருவில் 204-ஆம் வீடு. 1 முதல் 203 வரை கூட்டினால் 20,706. 205 முதல் 288 வரை கூட்டினாலும் அதே 20,706. ராமானுஜன் அப்போது அடுப்பில் காய்கறி கிண்டிக்கொண்டிருந்தார். புதிரைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைக்காமலேயே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் 204 மட்டும் இல்லை. இந்த மாதிரி எத்தனை தெரு உண்டோ அத்தனைக்கும் விடை வரிசையாக வந்தது. 8 வீட்டில் 6, 49 வீட்டில் 35, 288 வீட்டில் 204, 1,681 வீட்டில் 1,189. வரிசையைக் கவனித்தால் விஷயம் புரியும். 35-ஐ ஆறால் பெருக்கி 6-ஐக் கழித்தால் 204. 204-ஐ ஆறால் பெருக்கி 35-ஐக் கழித்தால் 1,189.

இதையே இன்றைய கம்ப்யூட்டரில் யோசிக்காமல் எழுதினால் 50 முதல் 500 வரை ஒவ்வொரு தெருவுக்கும், தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சோதனை. மொத்தம் 1,24,025 சோதனைகள். ஒவ்வொரு சோதனைக்குள்ளும் இடது பக்கத்தை முதலிலிருந்து கூட்டணும், வலது பக்கத்தையும் கூட்டணும். ராமானுஜன் வழியில் ஒரு பெருக்கல், ஒரு கழித்தல். கணக்கின் வடிவத்தை மாற்றினாலே வேலை எவ்வளவு குறைகிறது என்பதை மகலனோபிஸ் 21 வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். வேகமாகக் கூட்டத் தெரிவது வேறு திறமை.

இயற்பியல்காரர் எப்படிப் புள்ளியியலுக்கு வந்தார்?

1915-ல் கேம்பிரிட்ஜ் படிப்பை முதல் வகுப்பில் முடித்தார். முதல் உலகப் போர் நேரம், ஊருக்குக் கப்பல் கிடைக்கத் தாமதமானது. கல்லூரி நூலகத்தில் நேரம் போக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய ஆசிரியர் பயோமெட்ரிகா என்ற ஆய்விதழை எடுத்துக் காட்டினார். மகலனோபிஸ் அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறி, வழியெல்லாம் படித்தார். கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரி இயற்பியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. திரும்ப இங்கிலாந்து போய் ஆராய்ச்சி செய்யும் திட்டம் அப்படியே நின்றுவிட்டது.

1920-ல் நாக்பூரில் இந்திய அறிவியல் மாநாடு நடந்தது. அங்கே விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநர் நெல்சன் அன்னண்டேலைச் சந்தித்தார். கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகள் அன்னண்டேலிடம் குவிந்து கிடந்தன. அதை ஆராய்ந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். 1922-ல் வெளியான மகலனோபிஸின் முதல் புள்ளியியல் கட்டுரை இந்தத் தரவை வைத்து எழுதியதுதான்.

வேலை பெருகப் பெருக, கல்லூரியின் பேக்கர் லேபரட்டரியில் ஒரு சிறு கூடமே உருவானது. 1931 டிசம்பர் 17 அன்று அதிலிருந்து இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. முதல் ஆண்டுச் செலவு 238 ரூபாய். 1933-ல் சங்க்யா என்ற ஆய்விதழ் ஆரம்பமானது. வடமொழியில் சங்க்யா என்றால் எண். ஆர்.சி.போஸ், எஸ்.என்.ராய் மாதிரி கணிதக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பிறகு 1941 ஜனவரி 1-ல் 20 வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார்: சி.ஆர்.ராவ். 2023 வரை வாழ்ந்த, உலகம் கொண்டாடிய அதே ராவ்தான்.

டி-ஸ்கொயர் என்றால் என்ன?

இரண்டு நெல் கட்டங்கள் எவ்வளவு வித்தியாசமானவை என்று ஒரே எண்ணில் சொல்ல வேண்டும். ஒன்பது அளவிலும் இருக்கிற வித்தியாசத்தை எடுத்து, வர்க்கமாக்கி, கூட்டினால் முடிந்ததா? முடியவில்லை. முதல் பிரச்சினை அலகு. உயரம் சென்டிமீட்டரில், எடை கிராமில். அதைச் சமாளிப்பது சுலபம். ஒவ்வொரு அளவும் வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று பார்த்து அதால் வகுத்துவிடலாம்.

இரண்டாவது பிரச்சினைதான் ஆளைக் கொல்கிறது. உயரமான பயிருக்கு வைக்கோலும் அதிகமாக இருக்கும். உயரத்தில் ஒரு வித்தியாசம், வைக்கோலில் ஒரு வித்தியாசம் என்று இரண்டையும் கூட்டினால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை எண்ணியது போல ஆகும். மாறாக, பயிர் உயரமாக இருந்தும் வைக்கோல் குறைவு என்றால் அது அபூர்வம்; அதற்குக் கூடுதல் மதிப்பு தரணும். அளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்வதைப் பள்ளிப் பாடப் புத்தகம் ஒட்டுறவு என்கிறது. ஒன்பது அளவு என்றால் ஒட்டுறவுகளை 9-க்கு 9 என்று ஒரு அணியில், அதாவது மேட்ரிக்ஸில், எழுதணும். பிறகு அந்த அணியின் நேர்மாறு அணியைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு ஒவ்வொரு ஜோடிக்கும் தூரம் போடணும்.

அந்தக் காலத்தில் லண்டனில் கார்ல் பியர்சன் பயன்படுத்திய அளவை, அளவுகளுக்குள் ஒட்டுறவு இல்லை என்று வைத்துக்கொண்டுதான் போடப்பட்டது. மகலனோபிஸும் 1920களில் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தார். உண்மையில் ஒட்டுறவு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். சேர்த்தால் கணக்கு மலையாகிவிடும் என்பதும் தெரியும். கணக்கு மெதுவாக இருந்தால் ஆபத்து எங்கே வருகிறது என்பது இங்கேதான் தெரிகிறது. நேரம் வீணாவது சின்ன விஷயம். நேரம் போதாது என்று மனிதர்கள் கணக்கில் கஷ்டமான பகுதியை விட்டுவிடுகிறார்கள், பிறகு வந்த விடையை முழு விடை என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள்.

1936-ல் மகலனோபிஸ் வெளியிட்ட கட்டுரையில் ஒட்டுறவையும் சேர்த்த பொதுவான தூரம் வந்தது. அதுதான் டி-ஸ்கொயர். இன்று உலகம் மகலனோபிஸ் தூரம் என்று சொல்வது இதைத்தான். சூத்திரம் கிடைத்துவிட்டது. போடுவது யார்?

கையால் சுற்றிய லூப்

அப்போது கம்ப்யூட்டர் என்றால் மனிதர். மேசைமேல் கைப்பிடியைச் சுற்றுகிற கணக்கு இயந்திரம், பக்கத்தில் பெரிய தாள், பென்சில். வரிசையாக உட்கார்ந்து பெருக்கிக் கூட்டுவதுதான் அவர்கள் வேலை. ஒரு இடத்தில் ஒரு இலக்கம் தவறினால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் தவறு.

1941 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சேர்த்து, ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியில், டி.என்.மஜும்தார் என்ற மானுடவியலாளர் இருபதுக்கும் மேற்பட்ட சாதி, பழங்குடிக் குழுக்களைச் சேர்ந்தவர்களின் உயரம், தலை, மூக்கு அளவுகளை எடுத்தார். அந்தத் தரவு கல்கத்தாவுக்கு வந்தது. மகலனோபிஸ், மஜும்தார், ராவ் மூவர் பெயரிலும் 1949-ல் சங்க்யாவில் ஒரு புத்தகம் அளவுக்கு நீண்ட கட்டுரை வெளியானது.

வேலையின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. 22 குழுக்கள், ஒன்பது அளவுகள் என்று வைத்துக்கொள்வோம். ஜோடிகள் 231. நேர்மாறு அணி கையில் தயாராக இருந்தாலும் ஒவ்வொரு ஜோடிக்கும் 81 பெருக்கல், மேலும் 9 பெருக்கல், ஆக 90. மொத்தம் 20,790 பெருக்கல்கள். கையால்.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற ஒன்பது அளவுகளை, பின்னல் இல்லாத ஒன்பது புதிய அளவுகளாக முதலிலேயே மாற்றிவிட்டார்கள். முதல் அளவை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியது. இரண்டாவதிலிருந்து, முதலாவது ஏற்கெனவே சொல்லிவிட்ட பங்கைக் கழித்துவிட வேண்டியது. மூன்றாவதிலிருந்து முதல் இரண்டும் சொன்னதைக் கழிக்க வேண்டியது. இப்படியே ஒன்பது வரை. ஒவ்வொன்றையும் அதன் ஏற்ற இறக்கத்தால் வகுத்தும் விட்டால், பிறகு ஒட்டுறவு என்ற தலைவலியே இல்லை. சாதாரணமாகக் கழி, வர்க்கமாக்கு, கூட்டு. அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு குழுவை மாற்ற 45 பெருக்கல். 22 குழுவுக்கு 990. பிறகு ஜோடிக்கு ஒன்பது வீதம் 231 ஜோடிக்கு 2,079. மொத்தம் 3,069. 20,790 எங்கே, 3,069 எங்கே! விடையில் ஒரு புள்ளிகூட மாறாது. எதையும் தோராயமாக்கவில்லை, எதையும் விட்டுவிடவில்லை. ஜோடி ஜோடியாகத் திரும்பத் திரும்பச் செய்த வேலையைக் குழுவுக்கு ஒரு தடவை என்று வெளியே எடுத்து வைத்தார்கள்.

இந்த யோசனைக்கு விதை 1937-லேயே இருக்கிறது. அந்த ஆண்டு மகலனோபிஸ், போஸ், ராய் மூவரும் சங்க்யாவில் செங்குத்து ஆயங்களைப் பயன்படுத்துவது பற்றி எழுதியிருந்தார்கள். கிட்டத்தட்ட இதே முக்கோண வழியை நில அளவைக் கணக்குக்காகப் பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஆந்த்ரே லூயி ஷொலெஸ்கி முன்பே கண்டுபிடித்திருந்தார். 1918-ல் போரில் இறந்துபோனார். அவருடைய முறை அச்சில் வந்தது 1924-ல்தான். பிரெஞ்சு வாசனை இன்னும் போகாத புதுச்சேரிக்காரர்கள் அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்கலாம். ஆர் மொழியில் அவர் பெயரிலும் ஒரு ஃபங்ஷன் உண்டு.

டி-ஸ்கொயரின் புகழ் கேம்பிரிட்ஜுக்கும் போனது. சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் தோண்டி எடுத்த எலும்புகளை இந்த முறையில் ஆராய ஆள் வேண்டும் என்று அங்கிருந்து கேட்டார்கள். 1946-ல் ராவை அனுப்பிவைத்தார் மகலனோபிஸ். ஒரு காலத்தில் அங்கேயிருந்து ஆய்விதழ் வாங்கி வந்தவர், இப்போது அங்கே ஆள் அனுப்பினார்.

எதை அளந்தார்கள் என்ற கேள்வி

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. சாதிவாரியாக மூக்கையும் தலையையும் அளந்த வேலை இது. பிரிட்டிஷ் அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அளவை வைத்துச் சாதிகளை இன ஏணியில் அடுக்கிய காலத்தின் தொடர்ச்சி. மகலனோபிஸ் ரிஸ்லி அச்சிட்ட அட்டவணைகளைத் திரும்பச் சரிபார்த்து, தவறுகளைத் திருத்தி 1930களில் வெளியிட்டார். எண்களைச் சந்தேகப்பட்டார். ஆனால் இப்படி அளப்பதே சரிதானா என்ற கேள்வியை அந்தக் கட்டுரைகள் கேட்கவில்லை. மூக்களவையை வைத்து இனம் பிரிப்பதை அறிவியல் இன்று கைவிட்டுவிட்டது. டி-ஸ்கொயர் தப்பிப் பிழைத்தது, காரணம் அதற்கு மூக்கும் தெரியாது, நெல்லும் தெரியாது. இன்று வங்கி மோசடியைக் கண்டுபிடிக்கவும், செயற்கைக்கோள் படத்தில் எது வயல், எது ஏரி என்று பிரிக்கவும் அது பயன்படுகிறது.

சரி, அந்த மாணவரின் லூப் ஏன் நிற்கவில்லை?

10,000 கட்டம் என்றால் 4,99,95,000 ஜோடி. ஏறத்தாழ ஐந்து கோடி. அவர் செய்த முதல் தவறு, ஒவ்வொரு ஜோடிக்கும் மகலனோபிஸ் ஃபங்ஷனைத் தனித்தனியாகக் கூப்பிட்டது. அந்த ஃபங்ஷன் கூப்பிடும்போதெல்லாம் 9-க்கு 9 அணிக்கு நேர்மாறு போடும். அணி மாறவே இல்லை. ஆனாலும் ஐந்து கோடி தடவை ஒரே நேர்மாறு. நேர்மாறு ஏற்கெனவே தயார் என்று சொல்லிக் கொடுக்க அந்த ஃபங்ஷனிலேயே வழி இருக்கிறது, இன்வெர்டட் என்ற பெயரில். பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இரண்டாவது தவறு, விடை வர வர அதைப் பட்டியலின் வாலில் ஒட்டிக்கொண்டே போனது. வெளியே பார்க்க ஒரு எண்ணைச் சேர்ப்பது போலத்தான் இருக்கும். உள்ளே ஆர் மொழி ஒரு எண் பெரிய புதுப் பட்டியலை உருவாக்கி, பழைய எண்கள் அத்தனையையும் அதற்கு நகலெடுக்கும். வெறும் 10,000 விடைக்கே ஏறத்தாழ ஐந்து கோடி நகல். இவருக்கு விடையே ஐந்து கோடி! விடியும்வரை ஓடியதற்குப் பெரும் காரணம் இதுதான். எத்தனை விடை வரும் என்று முன்னமே தெரியும். அவ்வளவு பெரிய காலிப் பட்டியலை முதலிலேயே போட்டு வைத்திருக்கணும்.

மூன்றாவது, சின்னது. ஆர் மொழி அணியை நெட்டு வரிசை நெட்டு வரிசையாக நினைவகத்தில் வைக்கிறது. ஃபோர்ட்ரான் காலத்துப் பழக்கம். ஒரு கட்டத்தின் ஒன்பது அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 10,000 இடம் தள்ளி இருக்கும். ஒரு நாற்றைப் பிடுங்க ஒன்பது வரப்பு தாண்டுகிற கதை.

தீர்வு? 1949 கட்டுரையில் செய்ததைத்தான் இவரும் செய்யணும். ஷொலெஸ்கி முறையில் 10,000 கட்டத்தையும் ஒரே தடவை மாற்றிவிட வேண்டியது, பிறகு மாற்றிய அளவுகளுக்குச் சாதாரண தூரம் கேட்க வேண்டியது. அதற்கென்று டிஸ்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதன் லூப் உள்ளே சி மொழியில் ஓடும். ராத்திரி முழுக்க ஓடிய வேலை சில நொடிகளில் முடியும்.

லூப் என்றாலே கெட்டது என்று ஆர் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு பயம் ஊட்டப்படுகிறது. அது அரை உண்மை. 2017-ல் வந்த 3.4 பதிப்பிலிருந்து ஆர் மொழி லூப்பை ஓட்டும்போதே தானாகத் தொகுத்துக்கொள்கிறது. பழைய அளவுக்கு மோசம் இல்லை. லூப்புக்குள் என்ன வேலையை வைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அணியாகப் போடுகிறேன் என்று கிளம்பினால் நினைவகம் காலி. 10,000 கட்டத்துக்கு விடைகள் 400 எம்பி. கட்டங்கள் ஒரு லட்சமானால் விடைகள் மட்டும் 40 ஜிபி. சாதாரண லேப்டாப் படுத்துவிடும். அப்போது துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டின் விடையைச் சுருக்கிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போகணும். அதற்கு ஒரு லூப் வேண்டும்தான்!

வேகம் ஏன் அவருக்கு அவ்வளவு முக்கியம்?

சணல், நெல் மகசூலை அறுவடைக்கு ஆறு மாதம் கழித்துச் சொல்லி என்ன பயன்? வங்காளத்தில் 1930களின் கடைசியில் மகலனோபிஸ் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் அறியும் வேலையைத் தொடங்கினார். எல்லா வயலையும் எண்ணாமல் ரேண்டமாகச் சில வயல்களை மட்டும் அளப்பது. பீகார், ஒரிசாவில் ஜே.ஏ.ஹப்பாக் 1920களிலேயே நெல்லில் இதைச் செய்து பார்த்திருந்தார். மகலனோபிஸ் அதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்புவார். இரண்டு விடையும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால் அளப்பவர்களின் தவறு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கட்டத்தின் அளவு பற்றி மட்டும் பி.வி.சுகாத்மேயோடு அவருக்கு நீண்ட சண்டை. சின்ன வட்டம் போதும் என்பது மகலனோபிஸ் கட்சி. சின்னதாக வெட்டினால் ஓரத்துப் பயிரும் உள்ளே வந்து மகசூலைக் கூட்டிக் காட்டும் என்பது சுகாத்மே கட்சி. நாடு சுகாத்மே பக்கம் சாய்ந்தது. ஏம்பலம் வயலில் கட்டம் பெரிதாக இருப்பது அதனால்தான்.

1943 வங்கப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பஞ்சத்துக்குப் பிறகு எந்தக் குடும்பம் நிலத்தை விற்றது, யார் பிச்சைக்கு இறங்கினார்கள் என்று அறிய மகலனோபிஸின் கழகம் கிராமம் கிராமமாக மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி 1946-ல் வெளியிட்டது. அங்கே ஒவ்வொரு எண்ணும் ஒரு வீடு.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவர் முயற்சியால் தொடங்கியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், கனரகத் தொழில்கள் என்று அவர் பெயர் பாடப் புத்தகத்தில் வருவது இதற்குப் பிறகு. அதைப் பற்றிய வாதம் தனிக் கதை. கணக்குக் கூடத்துக்கே திரும்புவோம்.

மனிதக் கைகள் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1953-ல் கழகத்திலேயே சமரேந்திர குமார் மித்ரா குழுவினர் பத்து மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் அனலாக் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்தார்கள். பத்துச் சமன்பாடு, அதாவது 10-க்கு 10 அணி. பிறகு 1955-56-ல் பிரிட்டனிலிருந்து எச்இசி-2எம் என்ற கம்ப்யூட்டர் வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அது. அதன் உருளை நினைவகத்தில் 1,024 எண்கள்தான் கொள்ளும். அந்த மாணவரின் 10,000 கட்டங்களுக்கு 90,000 எண்கள். அதில் நூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் அந்த இயந்திரத்துக்குள் நுழையும். சில ஆண்டுகளில் சோவியத்திலிருந்து உரால் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது.

1968-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1972 ஜூன் 28 அன்று மகலனோபிஸ் காலமானார். மறுநாள் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும். 2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினம்.